காய்ந்திருந்த படிக்கட்டு

‘மேற்படி ஊழியர் நிதானமான சுபாவமும் மிகுந்த எச்சரிக்கை உணர்வும் கொண்டவர். மாடிப்படிகளில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கும் வழக்கமுடையவர். சம்பவ தினத்தன்று படிக்கட்டு ஈரமாக இருந்த காரணத்தால் கால் வழுக்கி விழுந்து வலது முட்டியில் காயமடைந்தார்.’

மின்சார அலுவலகத்தின் விபத்துக் கோப்பில் இருக்கும் இந்த மூன்று வாக்கியங்களில் உண்மையான விஷயங்கள் இரண்டுதான்: அவர் ஊழியர், காயம் வலது முட்டியில்.

அலுவலகத்தில் அந்தப் பெண்மணியை எல்லோரும் ‘மூணுபடி’ என்றுதான் கூப்பிடுவார்கள். வீடு வீடாகப் போய் மீட்டர் அளவெடுப்பது அவர் வேலை. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். அடுக்குமாடிக் கட்டடம் என்றால் லிஃப்டில் உச்சிக்குப் போய்விட்டு, அளவெடுத்துக்கொண்டே படி வழியாக இறங்கி வருவார். ஒவ்வொரு தளத்திலும் கடைசி மூன்று படிகளை அவர் கால் தொட்டதே கிடையாது. ஒரே தாவு. அப்படிக் குதிப்பதால் ஒரு நாளைக்கு நூற்றைம்பது படி மிச்சமாகிறது என்று ஒருமுறை பெருமையாகச் சொன்னாராம். மிச்சம் பிடித்ததையெல்லாம் எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டார் வீட்டுக்காரர், அதாவது கணவர். அவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துபவர். எதையும் இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் பேசுவார்.

குதிக்கும்போது மூணுபடி படியைப் பார்ப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கண் கையிலிருக்கும் கருவியில் இருக்கும்; விரல் இப்போது எடுத்த அளவைத் தட்டிக்கொண்டிருக்கும். எண்ணுவது கால்தான். எந்தக் கட்டடத்தில் ஒரு தளத்துக்கு எத்தனை படி என்று அவர் காலுக்கு மனப்பாடம். அன்றைக்கு அவர் போனது ஒரே அச்சில் வார்த்த மாதிரி நிற்கும் இரட்டைக் கட்டடங்களில் இரண்டாவதற்கு. முதல் கட்டடத்தில் எல்லாத் தளத்துக்கும் பதினோரு படி. இரண்டாவதில் கீழ்த்தளத்துக்கு மட்டும் பன்னிரண்டு. இது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் அன்று கால் முதல் கட்டடத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தது. எட்டு எண்ணி, மீதி மூன்று என்று குதித்தார். மீதி நான்கு. குதிகால் கடைசிப் படியின் விளிம்பில் பட்டு, உடம்பு ஒரு பக்கமும் முட்டி ஒரு பக்கமும் போயின. குருத்தெலும்பு கிழிந்தது, தசைநார் பாதி அறுந்தது. அந்த நிலைமையிலும் கருவியைக் கீழே விடவில்லை.

ஆஸ்பத்திரிக்குத் தலைமை எழுத்தர் படிவத்தோடும் இரண்டு ஆரஞ்சுப் பழத்தோடும் வந்தார். நல்ல மனிதர். இருக்கிற கெடுதலெல்லாம் நல்ல மனிதர்கள் உதவி செய்யும்போதுதான் நடக்கிறது. படிவத்தில் ஏழாவது கட்டம் ‘விபத்துக்கான காரணம்’. ஈரம், வெளிச்சமின்மை, உடைந்த படி, நாய், பிற. அவர் ஈரத்தில் ஏற்கனவே குறி போட்டிருந்தார்.

“படி ஈரமா இல்லையே சார்.”

“இருந்திருக்கலாம்ல?”

“இல்ல சார். நான்தான் குதிச்சேன்.”

“குதிச்சேன்னு போடறதுக்குக் கட்டம் இல்லம்மா. ‘பிற’ன்னு போட்டா மூணு இணைப்பு கேப்பாங்க. அப்புறம் இது வேலையில பட்ட காயமே இல்லன்னுடுவாங்க. ஈரம்னு போட்டா முழுச் சம்பளத்தோட லீவு. யாருக்கு என்ன நஷ்டம் சொல்லுங்க?”

யாருக்கு என்ன நஷ்டம் என்று மூணுபடிக்கு உடனே தோன்றவில்லை. எழுத்தர் எழுதிக் கொண்டுவந்திருந்த அறிக்கையை முழுசாகப் படித்தார். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்கும் அந்த அம்மாளை நினைத்து, வலியோடு வலியாகச் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வலி மருந்தின் மயக்கத்தில் போட்டது என்று பிற்பாடு தனக்குத் தானே சொல்லிப் பார்த்ததுண்டு. ஆனால் மருந்து கொடுத்ததே அதற்கப்புறம், அன்று சாயங்காலம்தான்.

அறுவை சிகிச்சை முடிந்து ஒன்றரை மாதம் கட்டிலும் நாற்காலியுமாகப் போனது. ஆறு கிலோ ஏறியது. ரத்த அழுத்தமும் கூடவே ஏறியது. எலும்பு டாக்டர் முட்டிக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார். படி ஏறாதே, வேகமாக நடக்காதே, குதிப்பதைக் கனவிலும் நினைக்காதே. பொது டாக்டர் இதயத்துக்கு வேலை கொடுக்கச் சொன்னார். தினம் அரை மணி நேரம் மூச்சு வாங்க வேண்டும். ஒரே உடம்பை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்ட இந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. நடுவில் மாட்டிக்கொண்டது மூணுபடி.

மூச்சு வாங்குவதற்கு அவர் பட்ட பாடு பெரிய பாடு. முதலில் தெருமுனை வரை நடை. முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கியது. வீட்டுக்காரர் தன் முதலாளி வீட்டில் சும்மா கிடந்த நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதன் இருக்கையை ஒரு அளவுக்கு மேல் உயர்த்த முடியாது; முட்டி மடங்க வேண்டியதற்கு மேல் மடங்கியது. பத்தாம் நாள் அதன் கைப்பிடியில் சட்டை காயப்போட ஆரம்பித்தார்கள். பிறகு கல்லூரியில் படிக்கும் மகள், உட்கார்ந்துகொண்டே செய்யும் பயிற்சி என்று செல்போனில் ஒன்றைக் காட்டினாள். நாற்காலியில் உட்கார்ந்தபடி காற்றை மாற்றி மாற்றிக் குத்த வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு வந்த வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டு, யாரோடு சண்டை என்று விசாரித்தார். என் இதயத்தோடு என்றார் மூணுபடி. நாலாம் நாள் நாற்காலியின் கால் விட்டுப்போனது. ஒரே வீட்டில் இரண்டாவது கால் காயம் என்றாள் மகள்.

கடைசியில் பிசியோதெரபி செய்யும் பெண்தான் வழி சொன்னாள். பொது நீச்சல் குளத்தில் காலை ஆறிலிருந்து ஏழு வரை பெண்களுக்கு மட்டும் தண்ணீர் நடை. நீந்தத் தெரிய வேண்டியதில்லை. நெஞ்சளவுத் தண்ணீரில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தால் போதும். உடம்பின் பாரத்தைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும், இதயம் தன் வேலையைப் பார்க்கும்.

குளோரின் வாடை, நீல ஓடுகள், இறங்குவதற்கு ஆறு படிகள், ஓரத்தில் எவர்சில்வர் கைப்பிடி. உள்ளே ஏழெட்டுப் பெண்கள், எங்கேயோ அவசரமாகப் போகிற முகத்தோடு எங்கேயும் போய்ச் சேராமல் நடந்துகொண்டிருந்தார்கள். முழுக்கை நீச்சல் உடையும், மகள் கட்டிவிட்ட நாடித்துடிப்புக் கடிகாரமுமாக மூணுபடி படியருகே நின்றார். நூற்றுப் பத்துக்கும் நூற்று இருபதுக்கும் நடுவில் இருக்க வேண்டும் என்பது மகளின் உத்தரவு. இறங்கத் தயங்கியபோது ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு கை நீண்டது. பூட்ஸ் காலில்தான், ஆனால் மூணுபடி முதலில் பார்த்தது பூட்ஸை, அப்புறம் கையை.

குளத்தைத் துடைக்கும் அம்மா. ஐம்பத்தைந்து வயதிருக்கும். வற்றின உடம்பு. முட்டிக்காரர்களுக்குக் கைகொடுத்து இறக்குவது அவர் வேலையில் சேர்த்தியில்லை; ஆனாலும் ஒருவரையும் விடமாட்டார். கரையைச் சுற்றி நாலடிக்கு ஒன்றாக ‘ஈரம், கவனம்’ என்ற மஞ்சள் பலகையை வைத்திருந்தார். நீச்சல் குளத்தில் ஈரம் என்று பலகை வைக்கும் ஒரே ஆள் நீங்கள்தான் என்று மற்றப் பெண்கள் கேலி செய்வார்களாம். அவர் சிரிக்கமாட்டார்.

தினம் பார்த்துப் பார்த்து அவருக்கு எல்லா முட்டியும் அத்துப்படி. முன்பக்கம் சாயாதே, குதிகாலை முதலில் ஊன்று, கையைத் தண்ணீருக்குள்ளேயே வீசு என்று கரையிலிருந்து சொல்லிக்கொண்டே கூட நடப்பார். முதல் வாரத்திலேயே மூணுபடிக்கு மூச்சு வாங்கியது, முட்டி வீங்கவில்லை. இத்தனை நாளாகத் தேடியது கிடைத்துவிட்டது. எட்டாம் நாள் நடை முடிந்து பெஞ்சில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தபோது, உங்களுக்கு இதிலெல்லாம் என்ன இவ்வளவு அக்கறை என்று கேட்டார். சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டது.

துடைக்கும் அம்மா பலகையை நேராக வைத்துவிட்டுச் சொன்னார். முன்பு அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே இரட்டைக் கட்டடத்தில் படி துடைத்துக்கொண்டிருந்தார். ஒன்பது வருஷம். ஒரு நாள் மீட்டர் பார்க்க வந்த ஒரு பெண், இரண்டாவது கட்டடத்தில் கீழ்த்தளத்தில் வழுக்கி விழுந்துவிட்டாள். படி ஈரம் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. துடைக்க ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரர் அவர் பேரில் ஒரு குறிப்பு எழுதி, விடிவதற்கு முன்னால் இரண்டு பஸ் மாறி வரவேண்டிய இந்த இடத்துக்குத் தள்ளிவிட்டார்.

“யாருன்னு தெரியாதும்மா. கால் போச்சுன்னாங்க. நான் தொடச்சது காலைல ஏழு மணிக்கு. அவங்க விழுந்தது பதினொன்னரைக்கு. நாலரை மணி நேரத்துல காய்ஞ்சிருக்கணும். ஆனா அது நிழல் பக்கம். காயலையோ என்னவோ. நான் திரும்பிப் போய்ப் பாத்திருக்கணும்.”

மூணுபடியின் கையில் கடிகாரம் கீச்சிட்டது. நூற்று இருபத்தெட்டு. உட்கார்ந்த இடத்திலேயே.

“பாத்தீங்களா, படபடன்னு வருதுபோல. ரொம்ப வேகமா நடந்துட்டீங்க” என்றார் துடைக்கும் அம்மா. “அதான்மா, இங்க வர்ற முட்டிக்கெல்லாம் கைகொடுக்கறேன். அவங்களுக்குத்தான் கொடுக்க முடியல.”

இங்கே மூணுபடி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று அவருக்குப் போவதற்கு ஓரிடமும் இல்லை, முழுச் சம்பள லீவில் இருந்தார்.

அடுத்த மூன்று வாரம் விசித்திரமானது. குளத்துக்குப் போகாமல் இருந்துவிடலாம் என்று இரண்டு நாள் நின்றார். அழுத்தம் ஏறியது, மகள் திட்டினாள். போனார். போனால் அந்தக் கை நீண்டது. அதைப் பிடிக்காமல் இறங்க முட்டிக்குத் தைரியமில்லை. பிடித்து இறங்க மனசுக்கு வலுவில்லை. பிடித்துத்தான் இறங்கினார். ஒரு நாள் புது ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தார். கொடுத்தால் பாரம் குறையும் என்று நினைப்பு. துடைக்கும் அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்பது வருஷம் வேலை செய்த இடத்தில் ஒருத்தரும் என் காலைப் பார்த்ததில்லை, உங்களை மாதிரி நல்ல மனசு யாருக்கு வரும் என்றார். பாரம் இரண்டு மடங்கானது.

இதில் வேடிக்கை, உடம்பு மட்டும் தேறிக்கொண்டே வந்தது. மூன்று கிலோ இறங்கியது. அழுத்தம் இறங்கியது. என்ன செய்கிறீர்கள், அதையே விடாமல் செய்யுங்கள் என்றார் பொது டாக்டர். அவர் அதையேதான் விடாமல் செய்துகொண்டிருந்தார்.

வீட்டுக்காரரிடம் சொன்னார். அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு யோசித்தார். உண்மையைச் சொன்னால் மூன்று மாத லீவும் சொந்த லீவாக மாறும், சம்பளம் பிடிப்பார்கள், இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகப் பேரில் ஒரு கறை விழும் என்று நிதானமாக எடுத்துச் சொன்னார். எல்லாம் சரிதான். பிறகு தட்டைப் பார்த்தபடியே கேட்டார்:

“அந்த அம்மா பேர்ல ஏற்கனவே ஒரு கறை விழுந்திருக்கே, அது என்ன கலர்?”

 அன்று மூணுபடி சைக்கிளில் காய்ந்த சட்டைகளை எடுத்து மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்ததாக மகள் சொன்னாள்.

ஒரு வியாழக்கிழமை துடைக்கும் அம்மா கையில் ஒரு காகிதத்தோடு பெஞ்சுக்கு வந்தார். மாதக் கடைசியில் ஒப்பந்தக்காரர் ஆட்களைப் புதுப்பிக்கிறார். பேரில் குறிப்பு இருப்பவர்கள் தவறை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கடிதம் தந்தால்தான் பார்க்கலாம் என்று எழுதியிருந்தது. தராதவர்கள் வர வேண்டாம். அவருக்குப் படிக்கத் தெரியும், இந்த மாதிரி ஆபீஸ் பாஷையில் எழுத வராது.

“நீங்க ஆபீஸ்ல இருக்கறவங்கன்னு சொன்னீங்களே. நல்லபடியா ஒரு மன்னிப்பு எழுதித் தாங்கம்மா. படியை ஈரமா விட்டது என் தப்புதான்னு போட்ருங்க. அந்தம்மாவுக்குத் தெரியவா போகுது, ஆனா அவங்க கிட்டயும் மன்னிப்பு கேட்டதா ஒரு வரி இருக்கட்டும்.”

எந்த ஆபீஸ் என்று அவர் கேட்டதுமில்லை, மூணுபடி சொன்னதுமில்லை.

வெள்ளைத்தாளும் பேனாவும் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவர் மறுகோடியில் தண்ணீர் தள்ளப் போனார். தன்னிடம் கேட்கப்படும் மன்னிப்பைத் தானே எழுதும் வாய்ப்பு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. மூணுபடி ‘ஐயா’ என்று எழுதினார். அதற்குக் கீழே தேதி எழுதினார். ஈரத் தலைமுடியிலிருந்து தாளில் ஒரு சொட்டு விழுந்தது. கடிகாரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அதைக் கழற்றித் துண்டுக்கு அடியில் வைத்தார். பிறகு நிற்காமல் எழுதினார். அரைப் பக்கம்கூட வரவில்லை.

“எழுதியாச்சாம்மா?”

“எழுதிட்டேன்க்கா. ஆனா இது உங்க கடிதம் இல்ல. உக்காருங்க, படிக்கறேன்.”

படித்தார். நாலே வரி. துடைக்கும் அம்மா உட்காரவில்லை. தள்ளுகட்டையைப் பிடித்தபடி நின்றார். 

“காய்ஞ்சிருந்துச்சா?” என்றார்.

“காய்ஞ்சிருந்துச்சு.”

“நல்லாவா?”

“நல்லா. தூசிகூட இல்லக்கா. விழுந்து கிடந்தப்போ கன்னம் அதுலதான் இருந்துச்சு.”

அவர் முகத்தில் முதலில் வந்தது கோபமில்லை, ஒருவித நிம்மதி. கோபம் அதற்குப் பின்னால், கொஞ்சம் மெதுவாக, ஆனால் முழுசாக வந்தது.

“மூணு மாசம். மூணு மாசமா தூக்கத்துல அந்தப் படியைத் தொடச்சிட்டிருக்கேன் நான். நீ தினம் என் கையைப் புடிச்சு எறங்கிட்டிருந்தே.”

‘நீங்க’ போய் ‘நீ’ வந்ததை மூணுபடி கவனித்தார். குறைவாகத் தோன்றவில்லை. இன்னும் கொஞ்சம் திட்டினால் தேவலை என்றிருந்தது.  ஆனால் துடைக்கும் அம்மா பூட்ஸைக் கழற்றினார். புது ஜோடி. பெஞ்சின் மேல் பக்கத்தில் பக்கமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு தள்ளுகட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று பதினோரு மணிக்கு மூணுபடி அலுவலகத்தில் இருந்தார். தலைமை எழுத்தர் தாளைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இதை எங்கம்மா சேக்கறது? அந்தக் கோப்பு முடிஞ்சாச்சு.”

“‘பிற’ன்னு ஒரு கட்டம் இருக்கே சார்.”

“அதுக்கு மூணு இணைப்பு வேணும்.”

மூணுபடி மூன்றையும் கொண்டுவந்திருந்தார்: ஆஸ்பத்திரிச் சான்று, கட்டடத்தின் படி எண்ணிக்கை, கருவியில் கடைசி அளவு பதிவான நேரம். பதினொன்று இருபத்தொன்பது. தலைமை எழுத்தர் அவரை நல்ல மனிதர்களுக்கே உரிய வருத்தத்தோடு பார்த்தார். உங்களுக்காகத்தானே செய்தேன் என்றார். தெரியும் சார், உங்க பேர் இதில் வரவில்லை, கையெழுத்து என்னுடையதுதானே என்றார் மூணுபடி. ஒரு நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு நேராக ஒப்பந்தக்காரரின் அலுவலகத்துக்கு ஆட்டோவில் போனார். லிஃப்ட் வேலை செய்யவில்லை. இரண்டு மாடி.

வீட்டுக்காரர் சொன்னபடியே எல்லாம் நடந்தது. லீவு சொந்த லீவானது, சம்பளம் பிடித்தார்கள், எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. துடைக்கும் அம்மாவின் குறிப்பு நீக்கப்பட்டு, வேலை புதுப்பிக்கப்பட்டது. பழைய இடத்துக்குத் திரும்பலாம் என்றார்களாம். அங்கே வேறு ஆள் வந்துவிட்டதால் அடுத்த மாதம் வரை குளம்தான். ஒருவர் பேரில் குறிப்பு ஏறுவதற்கு ஒரு கடிதம் போதும். இறங்குவதற்கு இடம் காலியாக வேண்டும்.

அதெல்லாம் அப்புறம்; கடிதம் கொடுத்த மறுநாள் காலையே மூணுபடி குளத்துக்குப் போனார். இதயம் குற்றம் செய்ததால் அதற்குப் பயிற்சி வேண்டாம் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. துடைக்கும் அம்மா மறுகோடியில் பழைய பூட்ஸோடு நின்றிருந்தார். மற்ற முட்டிகளுக்குக் கை நீண்டது. இந்த முட்டிக்கு நீளவில்லை. மூணுபடி எவர்சில்வர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக, மிகுந்த எச்சரிக்கை உணர்வோடு இறங்கினார். அறிக்கை எழுதிய தலைமை எழுத்தர் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

நாலாவது சுற்றில் கரையிலிருந்து ஒரு குரல் வந்தது. முகத்தைப் பார்த்துச் சொன்னதில்லை, தள்ளுகட்டையைப் பார்த்துச் சொன்னது.

“முன்னாடி சாயாதே.”

மூணுபடி நிமிர்ந்து நடந்தார்.

விபத்துக் கோப்பில் இப்போது இரண்டு அறிக்கைகள் இருக்கின்றன. இரண்டாவது அறிக்கை கையால் எழுதியது, மேல் மூலையில் ஒரு சொட்டு நீர் பட்டு மை கலைந்திருக்கிறது. அதில் உள்ளது இவ்வளவுதான்:

‘படிக்கட்டு காய்ந்திருந்தது. நான் படியைப் பார்க்காமல் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று படி மீதி என்று தவறாக எண்ணி, நான்கு படி மீதி இருந்தபோது குதித்தேன். ஈரம் என்று எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.’